நிலவைத் தள்ளிவிட்ட பிறந்தநாள்

புலம்பெயர்ந்து வந்து குடியேறிய எங்கள் டூங்கபி வீட்டுக்குள் நுழையவே அந்த மணிக்கூட்டுக்கு மனமில்லை. வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரின் வீட்டைக் காலி செய்தபோது சித்தப்பா தூக்கிவந்தது. ஆளைவிட உயரமான, இங்கிலாந்துப் பழைய மணிக்கூடு. உச்சியிலிருந்த பித்தளைக் குண்டைக் கழற்றிய பிறகுதான் கூரை இடிக்காமல் நிமிர்ந்து நின்றது. அம்மா அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்.

எனக்கு அதன்மேல் பைத்தியம். முகப்பின் நான்கு மூலைகளிலும் நான்கு பருவங்களைக் குறிக்கும் பெண்களின் ஓவியங்கள். மேலே நீல வானம், தங்க நட்சத்திரங்கள், நடுவே சிவந்த கன்னங்களோடு ஒரு நிலவு! அது நாளுக்கு நாள் நகரும். பௌர்ணமியன்று முழு முகம் காட்டும். அமாவாசையன்று பித்தளை வளைவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். வருகிறவர்களையெல்லாம் அப்பா அதன்முன் நிறுத்தி, "பஞ்சாங்கம் பிழைச்சாலும் இது பிழைக்காது" என்பார்.

அந்த வாயால்தான் மாட்டினார். என் ஒன்பதாவது பிறந்தநாள் ஆடி அமாவாசையில் வந்தது. இறந்துபோன அப்பப்பாவுக்காக அப்பா விரதமிருக்கும் நாள். வீட்டில் மச்சம் மாமிசம் கிடையாது. நானோ கோழி ரோல்ஸ் என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தேன்.

"மரக்கறி ரோல்ஸ் காணும், கோழி வேண்டாம்," என்றார் அம்மா. என் மானம் போயிற்று.

அன்று காலை கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். கண்ணாடிக் கதவைத் திறந்து நிலவுத் தகட்டை விரலால் தள்ளினேன். டிக், டிக், டிக். வளைவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிவந்த கன்னம் எட்டிப் பார்த்தது. கதிரையிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடினேன்.

"அப்பா, மூன் வந்திட்டுது! அமாவாசை ஃபினிஷ்!"

கோயிலுக்குப் போய்வந்த அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓம், மணிக்கூடு சொன்னாச் சரிதானே. கோழி வாங்கிக்கொண்டு வாறன்."

அம்மா வாயெடுத்தார், அப்பா கையமர்த்தினார். நான் வீடு அதிரக் குதித்தேன். அன்று மத்தியானம் எட்டுத் தோழிகளும் ரோல்ஸைச் சுடச்சுடத் தின்று தீர்த்தார்கள். அதைப்போல ஒரு பிறந்தநாள் எனக்கு அதன்பின் வரவேயில்லை.

மறுநாள் பார்த்தால், நிலவு பழையபடி ஒளிந்திருந்தது! மணிக்கூடு தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டதென்று நினைத்து, அந்தக் கைவேலையைப் பள்ளிக்கூடம் முழுக்கப் புகழ்ந்து திரிந்தேன்.

பிறந்தநாள் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எல்லார் கையிலும் ரோல்ஸ். பின்னால், மணிக்கூட்டின் அருகே, வெறும் தண்ணீர்க் கிளாசோடு அப்பா சிரித்துக்கொண்டு நிற்கிறார்.