நாற்றக் கொப்பி

1934 மார்ச் 5ஆம் திகதி, திங்கட்கிழமை, கடுகண்ணாவையின் நாற்றத்தை எழுதிவைக்கும் வேலையில் இருளப்பன் சேர்ந்தார். வயது முப்பத்தெட்டு. அவருக்கு வாசனையே தெரியாது. நாவலப்பிட்டித் தோட்டத்தில் நான்கு வருடத்துக்கு முன் படுக்கவைத்த காய்ச்சல், இறங்கும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது.

ஊருக்கு அப்பால், மலைத் திருப்பத்தின் பின்னால், மாட்டெலும்பை அவித்து அரைத்துத் தேயிலைக்கு உரமாக்கும் ஆலை ஒன்று இருந்தது. கண்டிக் கடைகளில் கடுகண்ணாவை என்று சொன்னாலே மூக்கைப் பொத்திக் காட்டுவார்கள். ஊரார் மனுக் கொடுத்தார்கள். நாற்றம் தங்களுடையதல்ல என்றது ஆலை. சுகாதாரப் பரிசோதகர் பெரியதம்பி ஒரு வழி கண்டார்: எந்தெந்த நாள் நாறுகிறது என்று மூன்று மாதம் ஒருவர் ஒரு கொப்பியில் எழுதட்டும், ஆலையில் எலும்பு அவிக்கும் கொப்பரை எரிந்த நாட்களோடு பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஊராரையும் நம்ப முடியாது, ஆலையாட்களையும் நம்ப முடியாது. இரண்டு பக்கமும் உறவில்லாத இருளப்பன் அப்படித்தான் அகப்பட்டார். கொப்பி ஒழுங்காக இருந்தால் நிரந்தர வேலை, தங்க ஓர் அறை. தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மனைவி அங்கம்மாவை அழைத்துக்கொள்ளலாம். அதனால் மூக்கைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

காலையில் கொழும்பு ரயில் வரும் நேரம் ஸ்டேஷன் எதிரே உட்காருவார். நாற்றம் அடித்தால் பயணிகள் ஜன்னல் பலகைகளைச் சடசடவென்று இறக்குவார்கள். அதை எண்ணுவார். பாதி மூடியிருந்தால் 'நாற்றம்'. முக்கால்வாசி என்றால் 'கடும் நாற்றம்'.

தேநீர்க்கடை நளீர்தான் முதலில் சந்தேகப்பட்டார். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

"ஊரே மூக்கப் பொத்திக்கிட்டு ஈக்கிது. நீங்க வடை திங்கிறீங்க. முகம் கொஞ்சம் சரி சுருங்கல்லயே?"

"தோட்டத்து ஆளுங்க மொதலாளி. ஒரமெல்லாம் பழகிப்போச்சு."

"பழகினதா, யாரும் பழக்கினதா?"

இருளப்பன் சிரித்து வைத்தார். அன்றிலிருந்து யாரிடமும் பேச்சுக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டார். 'இன்று நாறுகிறதா' என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஒதுங்க ஒதுங்க, நளீர் அவரை இன்னும் உற்றுப் பார்த்தார்.

ஜூன் முதல் வாரம் கொப்பியைப் பிரித்தார்கள். நளீரும் ஆலைக் கிளாக்கர் ராஜலிங்கமும் மேசையின் இரு பக்கம். வாரத்துக்கு வாரம் எரிந்த நாளும் நாறிய நாளும் பொருந்திக்கொண்டே வந்தன. நளீரின் முகம் மலர்ந்தது. மே 22இல் பெரியதம்பியின் விரல் நின்றது.

"கடும் நாற்றம் எண்டு எழுதியிருக்கிறீர். அண்டையோட சேத்து மூண்டு நாள் கொப்பரை வெடிச்சு ஆலை பூட்டு. நானே போய்ப் பாத்தனான்."

இருளப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று ரயில் ஏறிவரும் கணவாய்க்குக் கீழே மழை. எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டு ரயில் வந்திருந்தது. கடுகண்ணாவையில் ஒரு துளி இல்லை. எண்ணுகிற மும்முரத்தில் பெட்டிகள் நனைந்திருந்ததை அவர் பார்க்கவில்லை.

"ஆலை பூட்டின நாளும் நாறியிருந்தா, நாத்தம் எங்கடயில்லயே," என்றார் ராஜலிங்கம்.

"விளங்குதா சேர்? அந்த ஒரு வரிய எழுதத்தான் இவர வாங்கியிருக்கிறானுகள்," என்றார் நளீர்.

"யாரும் வாங்கலீங்க ஐயா. எனக்கு வாசனையே தெரியாதுங்க. ரயில் ஜன்னலப் பாத்துத்தான் எழுதினேன்."

பெரியதம்பி கொப்பியை மூடினார்.

"மூக்கில்லாத ஆள் மணம் பிடிக்கிற வேலைக்கு வருவாரோ?" என்றார் பெரியதம்பி. "பொய்யெண்டாலும் பொருத்தமாச் சொல்லும்."

ராஜலிங்கம் மட்டும் இருளப்பனின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனு தள்ளுபடியானது. இருளப்பனின் வேலையும் அன்றோடு போயிற்று. ஜூன் 11ஆம் திகதி, திங்கட்கிழமை, ஆலையில் நாற்றத்துக்கு ஒருவரும் ஒரு மாதம் தாக்குப்பிடிக்காத கொப்பரைக் கொட்டகையில், தங்க அறையோடு, அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சனிக்கிழமை அங்கம்மா நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் வந்து இறங்கினாள்.