தண்ணி விழுதா என்று கேட்டால்

அந்தப் பெண்ணின் தோளுக்குக் கீழே நான் பார்த்ததே இல்லை. செல்போனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைப்பேன். திரையில் அவர் முகமும், முதுகுக்குப் பின்னால் ஒரு மர அலமாரியும் தெரியும். முதல் நாள் என்னால் பேச முடியவில்லை. அலமாரியில் இருந்த புத்தகங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாக இருந்துவிட்டு, "எத்தனைங்க சார் இருக்கு?" என்று கேட்டார். பதினாறு என்றேன். "நான் எண்ணினதே இல்லைங்க" என்று சிரித்தார். கோயம்புத்தூர்க்காரர், மனநல ஆலோசகர், என் மகளைவிட இளையவர். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணுவது தொழிலில் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்று தெரியாது. மேலகரத்தில் வீடு. குற்றாலத்துக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தூரம். அந்தத் தூரம்தான் எங்கள் வாழ்க்கையை நிர்ணயித்தது. ஆனி ஆடியில் சாரல் விழுந்துவிட்டால் மதுரை, விருதுநகர், சென்னை என்று எங்கெங்கோ இருக்கும் சொந்தக்காரர்கள் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாக வந்து இறங்குவார்கள். அதற்காகவே எங்கள் வீட்டில் பதினெட்டுத் தலையணைகள் உண்டு. கொடி கட்டிய இடமெல்லாம் ஈரத்துணி தொங்கும். என் மனைவி இட்லிக் கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்கவே மாட்டாள். நான் முணுமுணுத்தால், "அருவி இருக்கிற வரைக்கும் நமக்குச் சொந்தக்காரங்க இருப்பாங்க. வாரவங்க தண்ணிக்குத்தான வாராங்க, நம்ம மூஞ்சியப் பாக்கவா வாராங்க?" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் இருந்ததில்லை. மாவு போதுமா என்கிற கவலை மட்டும் இருக்கும்.

போன ஐப்பசியில் அவள் போய்விட்டாள். மழைக்காலமும் தையும் எப்படியோ கடந்தன. சித்திரை முடிந்து, மேற்கே மலை கறுக்கத் தொடங்கியதும் எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. போன் மணி அடித்தால் கை வியர்த்தது. தூக்கம் போயிற்று. தென்காசியில் டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, மனசைத்தான் பார்க்க வேண்டும் என்றார். புனேயில் இருக்கும் மகள் இந்த ஏற்பாட்டைச் செய்தாள். "வீட்டுல இருந்தே பேசலாம்ப்பா, யாருக்கும் தெரியாது" என்றாள். அப்படியும் அக்கம்பக்கத்தில் கேட்டுவிடக் கூடாதே என்று தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டுத்தான் பேசுவேன். மேல்தொட்டி நிரம்பி வழிந்தது மட்டும் தெருவுக்கே தெரிந்தது.

என்ன பயம் என்று அந்தப் பெண் கேட்டார். சீசன் வருகிறது, எல்லோரும் வருவார்கள் என்றேன். அவள் இல்லாத அடுக்களையில் வேறு பெண்கள் நின்று, மஞ்சள்பொடி எங்கே, பெரிய சட்டி எங்கே என்று என்னைக் கேட்பார்கள். குளித்துவிட்டு வந்து சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், அருவியில் குளித்தவர்கள்? அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, யாரும் வரக் கூடாது என்றேன். நெடுநேரம் இதையேதான் சொல்லியிருக்கிறேன். நேரம் முடிந்து அவர் கைகூப்பியபோது, "சரிங்கம்மா, சாரல் விழுந்ததும் ஒரு நடை குடும்பத்தோட வாங்க. நம்ம வீட்லயே தங்கிக்கிடலாம்" என்றேன்.

அவர் கை கூப்பியபடியே நின்றது. "ஐயா, இப்ப என்னையவே கூப்பிட்டுட்டீங்க" என்றார்.

அதுவரை எனக்கே தெரியாது. இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. வெளியூர்க்காரர்களிடம் பேச்சை முடிக்க எங்களுக்கு வேறு வார்த்தை கிடையாது. யோசித்துப் பார்த்தால், அந்த மாதத்தில் போன் செய்தவர்களையெல்லாம் நானே கூப்பிட்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் புகாருக்குப் பேசிய சென்னைப் பெண் உட்பட.

அதன்பின் எங்களுக்குள் ஒரு விசித்திரமான பயிற்சி நடந்தது. வழக்கமாக முதலில் விசாரிப்பது என் கொழுந்தியாள், மதுரையில் இருக்கும் என் மனைவியின் தங்கை. 'தண்ணி விழுதா அத்தான்?' என்பாள். அவள் கேட்டுவிட்டால் மற்றவர்களுக்கும் செய்தி போய்விடும். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகுங்கள் என்றார் ஆலோசகர். அவரே கொழுந்தியாளாக இருந்து கேட்டார். "தண்ணி விழுகுதுங்களா அத்தான்?"

"விழுதும்மா. எப்ப வாரீக?"

"ஐயா."

"மன்னிச்சிருங்க. இன்னொரு மட்டம் கேளுங்க."

அன்று மூன்று முறை தோற்றேன். நான்காம் முறை "விழுது" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டபோது, அந்த அமைதி தாங்க முடியாததாக இருந்தது. வாசலில் வந்து நிற்கிறவர்கள் முகத்தில் கதவைச் சாத்துவது போல. "கூப்பிடக் கூடாதுன்னு நான் சொல்லலைங்க. கூப்பிடறதுன்னா நீங்க நினைச்சுக் கூப்பிடுங்க, அவ்வளவுதான்" என்றார் அவர்.

ஆனி பிறந்து ஒரு வாரத்தில் சாரல் விழுந்தது. மறுநாள் காலை கொழுந்தியாள் பேசினாள்.

"அத்தான், சாப்ட்டீகளா? தண்ணி விழுதா?"

"விழுது."

நான் நிறுத்திக்கொண்டேன். அவளும் பேசவில்லை. அவள் வீட்டு மின்விசிறியின் கிறீச்சொலியை எண்ணத் தொடங்கினேன். ஏழாவதில் அழுகைச் சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டாள், சொந்தம் முறிந்தது என்றே நினைத்தேன்.

"நீங்க வாங்கன்னு சொல்லிருவீகளோன்னு பயந்துக்கிட்டே போன் போட்டேன் அத்தான்," என்றாள். "கூப்பிட்டா வராம இருக்க முடியாது. அக்கா இல்லாத வீட்டுல வந்து எப்படிக் குளிக்க? உங்களத் தனியா விட்டுட்டம்னு ஊர் சொல்லுமேன்னு இவுக ஒரே சத்தம். ராத்திரியெல்லாம் இதே பேச்சுதான்."

எத்தனை வருஷம் அவர்கள் அருவிக்காக வருகிறார்கள் என்று நினைத்திருந்தோம். அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "நீங்க இங்கன வந்து நாலு நாள் இருங்களேன். இட்லி அக்கா இட்லி மாதிரி இருக்காது, கல்லுதான். பல்லு இருக்குல்லா உங்களுக்கு?" என்றாள்.

சீசனில் இந்த ஊர்க்காரன் வெளியூருக்கு விருந்து போவதா? விருந்தாளியாக என்ன எடுத்துப் போவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு வேட்டியும் மாத்திரைப் பெட்டியும் ஒரு கிலோ நேந்திரம் சிப்ஸும் பையில் வைத்தேன். தென்காசி ரயில் நிலையத்தில் மதுரைப் பக்கமிருந்து வந்த வண்டியிலிருந்து ஊரே இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தைகள் இப்போதே தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். எதிர்ப்புறம் என் வண்டி பாதி காலியாக வந்து நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சுமையை இறக்கிய கூலிக்காரனுக்குத் தோள் வலிக்குமே, அப்படி இருந்தது. கடையநல்லூர் வரை மலை கூடவே வந்தது. அதற்குப் பிறகு நினைவில்லை.

திருமங்கலத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தோளைத் தட்டி எழுப்பினார். "பெரியவரே, ராஜபாளையம் தாண்டுனதுல இருந்து உங்க போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. அப்படி என்ன தூக்கம்?"