ராஜா வேடத்தின் காப்பு

மலாயாவின் அவசரகாலத்திலும் ரெம்பாவ் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில், பொய் சொல்லாத ராஜாவின் நாடகத்தைத் திருவிழாவில் போட்டார்கள். ராஜா என் அண்ணன். வேடத்துக்குக் காப்புக் கட்டியவர் அதை அவிழ்க்கும்வரை பொய் சொல்லக் கூடாது என்பது வழக்கம்.

காப்பு அவிழ்க்கும் முன்பே, காலையில் போலீஸ் லாரி வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தது யார் என்று வரிசையில் நிறுத்திக் கேட்டார்கள். பெரும்பாலான வீடுகளிலிருந்து அரிசி போயிருந்தது.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ். பையில் கத்திரிக்கோல் இருந்தது.

“கைய நீட்டுண்ணே, காப்ப வெட்டிடுறேன்.”

“நேத்து என்னைப் பாத்து அழுதவங்கதான் நிக்கிறாங்க லா,” என்று சிரித்தவர், போலீஸிடம் “நான் கொடுத்தேன்,” என்றார்.

வேறு யாரும் வாய் திறக்கவில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போன அண்ணன் திரும்பி வரவேயில்லை.

அடுத்த திருவிழாவில் அந்தக் காப்புக்குக் கை நீட்ட ஆளில்லை.