அமோனியாவின் வடிவம்

நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டை ஏற்றும்போது அமோனியா வாடை கண்ணைக் கரித்தது. நான் கடைசியாகப் படித்த பதினொன்றாம் வகுப்பு நினைவுக்கு வந்தது.

"ஏனுங்க சார், மூணு ஹைட்ரஜனும் ஏன் ஒரு பக்கமா ஒடுங்கிக் கெடக்குது?" என்று அன்று கரும்பலகையிலிருந்த அமோனியா மூலக்கூறின் படத்தைக் காட்டிக் கேட்டேன்.

"பிணைப்புல சேராத எலக்ட்ரான் ஜோடி ஒண்ணு அந்தப் பக்கம் இருக்குது. படத்துல தெரியாது. ஆனா மூணையும் அதுதான் தள்ளிவுடுது" என்றார் ஆசிரியர்.

எனக்கு உடனே புரிந்தது. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போன அப்பாவிடமிருந்து வெகுநாளாகச் சேதியில்லை. அவர் கட்டில் நடுவீட்டில் காலியாகக் கிடந்தது. அம்மாவும் தங்கையும் நானும் சுவரோரம் நெருக்கிப் படுத்தோம்.

ஒரு மத்தியானம் காய்ச்சலோடு அந்தக் கட்டிலில் சாய்ந்தேன்.

"எந்திரி சாமி. உங்கப்பா வந்தா எங்க படுப்பாரு?" என்றாள் அம்மா.

படிப்பை விட்டு அவரைத் தேடி ரிக் வண்டி ஏறினேன். அவர் கிடைக்கவில்லை. ஊருக்குப் போனால் இன்றும் தரையில்தான் படுக்கிறேன்.