நுரை பொங்கினால்தான் சுத்தமா?

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறேன். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள், "கோழி நாத்தம் கொடலப் பொரட்டுது" என்று எழுந்து போனாள். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் பண்ணைக் குழாயடியில் தினமும் தலைக்குக் குளித்தேன். அதிகம் நுரைக்கிற ஷாம்புவாகத் தேடி வாங்கினேன். என் சுருட்டை முடி தேங்காய் நாராகி, முறிந்து கையோடு வந்தது. மொட்டை அடித்துவிடலாமா என்று அழுதேன்.

கடைசியில், வேலைக்குப் போகும் வழியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா நான் கொண்டுபோன ஷாம்பு பாக்கெட்டைப் படித்தார்.

"நுரை பொங்கறதுக்குச் சல்பேட் போட்டிருக்குதுங்க. அழுக்கோட எண்ணெய்ப் பசையையும் உரிச்சுரும். உங்களுது வறண்ட முடி. சல்பேட் இல்லாததா வாங்கி, வாரம் ரெண்டு தடவ போடுங்க."

"அப்பறம் நாத்தம் எப்படிங்க போகும்?" என்று கத்தினேன்.

அவர் குனிந்து என் தலையை முகர்ந்தார். முகம் சுளிக்கவில்லை. பிறகு என் மடியில் இருந்த துண்டை முகர்ந்தார்.

"நாத்தம் இதுலதானுங்க இருக்குது."

பண்ணையில் தலைக்குக் கட்டுகிற துண்டு அது. குளித்ததும் அதிலேயே துவட்டி, அதையே கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன்.

இப்போது துண்டைத் தினமும் துவைக்கிறேன். முன்னந்தலையில் முடி இன்னும் சரியாக வரவில்லை. பஸ்ஸில் எழுந்து போனவளை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. என் தலையை ஒருவர் குனிந்து முகர்ந்தாரே, அதை நினைத்தால் அழுகைதான் வருகிறது.