சலீம் என்று கூப்பிட்டால்

படத்தில் ஒரு தாய் வாசலில் நின்று, இறந்துபோன மகனைப் பழைய பழக்கத்தில் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வேலூர் தியேட்டர் இருட்டில் எனக்கு நோன்புக் கஞ்சி மணத்தது.

ஆம்பூரில் எங்கள் எதிர்வீடு ஜரீனாம்மா வீடு. ரம்ஜான் மாதத்துச் சாயங்காலங்களில், தோல் பதனிடும் ஷாப்புகளின் ஈர நாற்றத்தையும் மீறி, அவர் கஞ்சியின் பட்டையும் பூண்டும் தெருவுக்கு வந்துவிடும். தூக்குவாளியில் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது மகன் சலீமின் வேலை. ஒரு மழைக்காலக் காய்ச்சலில் சலீம் போய்விட்டான். அடுத்த ரம்ஜானின் முதல் நாள், வாளியை நிரப்பிய கையோடு அவர் வாசலுக்கு வந்து குரல் கொடுத்தார்.

“சலீம், கஞ்சி ரெடிடா!”

 கூப்பிட்டது உறைத்ததும் வாளியோடு உள்ளே திரும்பப் போனார். சின்னப் பெண் நான், என்ன தோன்றியதோ, “வர்றேம்மா” என்று ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன்.

மறுநாளும் “சலீம்” என்றே கூப்பிட்டார். மறுநாளும் ஓடினேன்.

“இன்னா சலீம், ரெட்டை ஜடை ஜோரா கீது!” என்று பெட்டிக்கடை பாய் சிரிப்பார்.

“செத்த புள்ள பேருக்குப் பதில் சொல்லாதடி” என்று என் அம்மா பயந்தாள். அந்த மாதம் முழுக்க நான் சலீமாகவே இருந்தேன்.

பெருநாள் காலையில் ஜரீனாம்மா கூப்பிட்டார். “செல்வி, சேமியா எடுத்துக்கினு போ, பேட்டா.” என் பேரைச் சொன்ன பிறகுதான், அத்தனை நாள் அழாதவர் அழுதார்.

திரையில் அந்தத் தாய் இன்னும் வாசலிலேயே நிற்கிறாள். யாரும் வரவில்லை.

“வர்றேம்மா” என்றேன். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.