சுருட்டுக்கு ஓர் அலமாரி

மரம் சொன்ன பேச்சைக் கேட்கும், அதில் சாமான் செய்யச் சொல்லி வருகிறவர்கள்தான் கேட்க மாட்டார்கள். ஏதாவது ஒரு கடையிலோ பட்டறையிலோ நின்று நாள் முழுக்க ஜனங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். செஞ்சியில் முருகேசு அண்ணன் மரப்பட்டறையில் நாலு வருஷமாக உப்புத்தாள் தேய்க்கிறேன். அண்ணன் இழைப்பதையும் பூட்டுவதையும் பார்த்துப் பார்த்து எனக்கும் கை வந்துவிட்டது. ஒரே ஒரு சாமானாவது முழுசாக நானே செய்ய வேண்டும் என்று ஆசை. வாய் திறந்து கேட்கத்தான் கூச்சம்.

ரவை டப்பா

அனந்தபுரத்திலிருந்து ஒரு மிலிட்டரி ஐயா வந்தார், கூடவே அவர் வீட்டம்மா. ரிட்டையர் ஆனபிறகு ஐயாவுக்கு வேலையே புகையிலை வாங்கி வீட்டில் சுருட்டு சுற்றுவதுதான். வெளியில் வைத்தால் நம்ம ஊர் வெயிலுக்குக் காய்ந்து பொடியாகிறது, அதற்கு அலமாரி வேண்டும், அதுவும் செடார் மரத்தில் வேண்டும் என்றார். “மலையில வளர்ற தேவதாரு இல்ல, அதுல பிசின் வடியும். நம்ம பக்கம் சந்தன வேம்புன்றாங்களே, செவப்பா, வாசனையா, அது.” அண்ணன், “தேக்குல போட்டுத் தரேன் ஐயா, பேரன் காலம் வரைக்கும் நிக்கும்” என்றார். “பேரன் சுருட்டு குடிக்க மாட்டான்யா” என்று ஐயா முடித்துவிட்டார்.

அண்ணனுக்கு அப்போது கைநிறைய பள்ளிக்கூட பெஞ்சு வேலை. இன்னொரு மேஸ்திரியும் சென்னைக்குப் போய்விட்டார். நான் ஒரு துண்டுப் பலகையில் ‘நான் செய்யட்டுமா’ என்று பென்சிலால் எழுதி அண்ணன் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். அவர் ரெண்டு தடவை படித்தார். “சரி, செய். சொதப்புன, அப்புறம் ஆயுசுக்கும் உப்புத்தாள்தான், சொல்லிட்டேன்” என்றார். வீட்டம்மா, யார் செய்தாலும் சரி என்பதுபோல என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சீக்கிரம் செஞ்சு குடுத்துடும்மா. சுருட்டெல்லாம் என் ரவை டப்பாவுல இருக்குது, உப்புமா சாப்ட்ட சம்பந்தியம்மா தலை சுத்துதுன்னு படுத்துட்டாங்க.”

சாவியும் மூக்கும்

மரம் தேடி அண்ணனும் நானும் திண்டிவனத்துக்குப் போனோம். பழைய வீடு பிரித்த மரம் விற்கிற கடை. இடுப்பில் என் மகள், ரெண்டு வயசு. கடைக்காரர் செக்கச்செவேல் என்று நாலு பலகையை இழுத்துப் போட்டு, “ஒரிஜினல் செடார், தேடினாலும் கிடைக்காது” என்றார். எனக்குப் பேச்சு வராது. வீட்டுச் சாவியால் ஓரத்தைச் சுரண்டி முகர்ந்தேன். வாசனையே இல்லை, சாவிதான் சிவப்பாகிவிட்டது. காவி பூசியிருக்கிறார்! அடுத்த பலகையைச் சுரண்டினேன், மண்ணெண்ணெய் நாற்றம். மூணாவதைச் சுரண்டப் போகும்போது அவரே அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

பிள்ளை உண்டானதிலிருந்து என் மூக்கு கொஞ்சம் அதிகப்பிரசங்கி. கடைக்குப் பின்பக்கம் பெயின்ட் டப்பா அடுக்கியிருந்த பழைய பலகைகளைத் தாண்டும்போது ஏதோ இழுத்தது. அடிப்பக்கம் சுரண்டினேன். பாதி சந்தனம், பாதி பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவின வாசனை. மகளும் மூக்கை வைத்துப் பார்த்துத் தும்மினாள். “இது” என்றேன். அன்றைக்கு நான் பேசினது அவ்வளவுதான். கடைக்காரர் டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே அண்ணனிடம் சொன்னார்:

“அடுத்த தபா வந்தா நீ மட்டும் வாண்ணே, இந்தப் பொண்ணு வந்தா நான் கடையை மூட வேண்டியதுதான்.”

வெள்ளிக்கிழமை பூஜை

பன்னிரண்டு நாள் வேலை. காற்று போய்வர, சட்டங்களுக்கு நடுவில் விரல் இடைவெளி விட்டு அஞ்சு தட்டு. கதவு மூடினால் ஒரு சத்தம் வரும் பாருங்கள், ‘தப்’ என்று, அதைக் கேட்பதற்கே பத்து தடவை திறந்து மூடினேன். வார்னிஷ் கூடாது, வாசனை ஏறும் என்று ஐயா சொல்லியிருந்தார். ஒரு சொட்டு கூடப் பூசவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை அனுப்புகிற சாமானுக்கு எங்கள் பட்டறையில் பூஜை உண்டு. நான் செய்த முதல் சாமான் இல்லையா, சந்தோஷம் தாங்காமல் மஞ்சள் குங்குமம் வைத்து, சாம்பிராணிச் சட்டியை உள்ளேயே வைத்து, புகை வீணாகக் கூடாது என்று கதவையும் சாத்திவிட்டேன். வார்னிஷ் ஏறினால் சாம்பிராணி ஏறாதா என்று தோன்றவே இல்லை. அனுப்பின எட்டாம் நாள் அலமாரி மினி லாரியில் திரும்பி வந்தது, கூடவே ஐயாவும். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, மூலையிலிருந்த உப்புத்தாள் கட்டைத்தான் பார்த்தார். ஐயாவுக்குக் கோபம்கூட இல்லை, குழம்பிப்போயிருந்தார்.

“சுருட்டைப் பத்த வச்சா சாமி வருதும்மா.”

ஒரு சீவல்

“தேக்குல ஒண்ணு நான் போட்டுக் குடுத்துடறேன்” என்று அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை. “மூணு வாரம் குடுங்க ஐயா” என்றேன். பட்டறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பேசுவேன் என்பதே பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

புகை மேல்தோலில்தானே ஏறியிருக்கும்? அலமாரியை மொத்தமாகப் பிரித்தேன். உள்பக்கம் எல்லாவற்றிலும் இழைப்புளியால் காகிதம்போல ஒரே ஒரு சீவல். பிறகு நிழலில், காற்றில் வைத்தேன். தினம் காலையில் முகர்ந்தேன். பத்தாம் நாள் சாம்பிராணி போய் மறுபடி பென்சில் வாசனை வந்தது, அழுதுவிட்டேன். சுருட்டு காயாமல் இருக்க அடித்தட்டில் தகரத் தட்டு வைத்து, தண்ணீரில் ஊறின செங்கல் ஒன்றும் வைத்தேன். பஸ் ஸ்டாண்டுப் பூக்காரம்மா மல்லி வாடாமல் இருக்கச் செய்கிற வேலை அது. செங்கல் தண்ணீரை நிதானமாக விடும்.

அலமாரி போய் ஒரு மாசம் கழித்து ஐயா வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தார், அமுக்கிப் பார்த்தார், வாசலுக்குப் போய்ப் பற்றவைத்தார். அண்ணன் ரம்ப மிஷினை நிறுத்திவிட்டார். மகளை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா மலையைப் பார்த்தபடி மூணு இழுப்பு இழுத்தார். “புகையிலை புகையிலையா இருக்குது. கடைசியா இப்படிக் குடிச்சது பட்டாளத்துல” என்றார். அவரோடு வேலை பார்த்தவர்கள் ரெண்டு பேர், சிங்கவரத்தில் ஒருத்தர், பனமலையில் ஒருத்தர், அவர்களுக்கும் இதே மாதிரி வேண்டுமாம். அண்ணன் அளவு எழுத நோட்டைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடி, காதிலிருந்த பென்சிலோடு என் கையில் கொடுத்தார்.

“இங்க இப்ப ரெண்டு மேஸ்திரி ஐயா, சுருட்டு அலமாரிக்கு மேஸ்திரி இவதான், அளவெல்லாம் இவகிட்டயே சொல்லுங்க.”

நாலு வருஷம் வாயைத் திறக்காமலே தப்பித்து வந்தவள், ஜெயித்துத் தொலைத்ததால் இப்போது வருகிறவர்கள் எல்லோரிடமும் நானே பேச வேண்டியதாகிவிட்டது.